வரலாற்றாசிரியரையும் விமானத்தில் ஏற்றுங்கள்

அரசுப் பள்ளிப் பிள்ளைகள் விமானம் ஏறுவது தமிழ்நாட்டில் அதிசயமாகப் பேசப்பட்ட காலம் மலையேறிவிட்டது. 2022 நவம்பரில் அறுபதுக்கும் மேற்பட்ட அரசுப் பள்ளி மாணவர்கள் ஷார்ஜா புத்தகக் காட்சிக்கும் துபாய்க்கும் அழைத்துச் செல்லப்பட்டார்கள். 2024 அக்டோபரில் ‘கனவு ஆசிரியர்’ விருது பெற்ற ஆசிரியர்கள் ஐம்பது பேருக்கு மேல் பிரான்ஸ் போய்வந்தார்கள். இன்னொரு பக்கம், ஓய்வுபெற்ற ஆசிரியர்கள், வங்கி ஊழியர்கள், வியாபாரிகள் என்று குழுவாகச் சேர்ந்து கம்போடியாவுக்கும் பாலிக்கும் மலேசியாவுக்கும் போகிற வழக்கம் சிற்றூர்கள்வரை பரவியிருக்கிறது. கூலி வேலைக்காகவும் பிழைப்புக்காகவும் மட்டுமே கடல் கடந்த குடும்பங்களின் பிள்ளைகள், கற்பதற்காகக் கடல் கடக்கிறார்கள். இது கொண்டாட வேண்டிய மாற்றம்.

ஆனால், இந்தப் பயணங்களின் பெயர்ப்பட்டியலில் அதிகாரிகள் இருக்கிறார்கள், ஒருங்கிணைப்பாளர்கள் இருக்கிறார்கள், ஒளிப்படம் எடுப்பவரும் இருக்கிறார். வரலாற்றாசிரியரின் பெயரைக் காண்பதுதான் அரிது. அவர் கூட வராத வெளிநாட்டுப் பயணத்தைச் சுற்றுலா என்று சொல்லலாம்; கல்விச் சுற்றுலா என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அந்த வரலாற்றாசிரியரின் உரை தொடங்க வேண்டிய இடமும் அயல்நாட்டு விமான நிலையம் அல்ல, மாணவரின் சொந்த ஊர். காமயகவுண்டன்பட்டியை வைத்தே இதை விளக்க முடியும்.

பள்ளத்தாக்கிலிருந்து ஃபிரிம்லிக்கு

தேனி மாவட்டம் உத்தமபாளையம் வட்டத்தில், மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் இருக்கும் பேரூராட்சி காமயகவுண்டன்பட்டி. நெல், தென்னை, வாழை, எல்லாவற்றுக்கும் மேலாகத் திராட்சைப் பந்தல்கள். விடுதலைப் போராட்டத்தில் சிறை சென்ற தியாகிகள் பலரைத் தந்த ஊர் என்ற பெருமையும் அதற்கு உண்டு. ஊர் அமைந்திருக்கும் கம்பம் பள்ளத்தாக்கின் இருபோக நிலம் 14,707 ஏக்கர். அந்த நிலத்தின் உயிர் முல்லைப் பெரியாறு. அதனால்தான், அணையைக் கட்டிய பொறியாளர் ஜான் பென்னிகுவிக் பிறந்த ஜனவரி 15, இந்தப் பகுதியில் பொங்கலோடு பொங்கலாகக் கொண்டாடப்படுகிறது. அவர் படம் வீடுகளில் தொங்குகிறது. பிள்ளைகளுக்கு அவர் பெயர் வைக்கப்படுகிறது. லோயர் கேம்ப்பில் 2013 ஜனவரி 15 அன்று மணிமண்டபம் திறக்கப்பட்டது. அவர் 1911இல் மறைந்த இங்கிலாந்தின் கேம்பர்லியில், 2022 செப்டம்பரில் தமிழ்நாடு அரசின் சார்பில் சிலையும் வைக்கப்பட்டது. அருகிலுள்ள ஃபிரிம்லியின் தேவாலய வளாகத்தில் அவருடைய கல்லறை இருக்கிறது.

இந்த ஊரைச் சேர்ந்த பத்தாம் வகுப்பு மாணவி ஒருத்தி, கல்விச் சுற்றுலாவில் அந்தக் கல்லறை முன்பு நிற்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். வழிகாட்டி என்ன சொல்வார்? பிறந்த ஆண்டு, இறந்த ஆண்டு, கட்டிய அணை. அதற்குமேல் மலர் வளையம், குழுப்படம், அடுத்த இடம். வரலாற்றாசிரியர் உடன் இருந்தால் அந்த அரைமணி நேரம் வேறு மாதிரி கழியும்.

மேற்கே ஓடிக் கடலில் கலக்கும் பெரியாற்றைக் கிழக்கே திருப்பலாம் என்ற எண்ணம் பென்னிகுவிக்குக்கு ஒரு நூற்றாண்டு முன்பே இங்கே பிறந்துவிட்டது என்று அவர் தொடங்குவார். இராமநாதபுரம் சேதுபதியின் அமைச்சர் முத்திருளப்ப பிள்ளை 1789 வாக்கில் ஆட்களை அனுப்பி மலையை ஆராயச் செய்தார்; செலவு தாங்காது என்று கைவிடப்பட்டது. 1808இல் கால்டுவெல் என்ற ராணுவப் பொறியாளர் ஆய்வு செய்து, நடக்காது என்றார். 1867இல் ரைவ்ஸ் என்ற பொறியாளர் மறுபடியும் திட்டம் கொடுத்தார். 1876–78 பெரும் பஞ்சம் தென்மாவட்டங்களை உலுக்கிய பிறகுதான் கோப்பு வேகமாக நகர்ந்தது. 1886 அக்டோபர் 29 அன்று திருவிதாங்கூரோடு 999 ஆண்டுக் குத்தகை கையெழுத்தானது. 1887இல் வேலை தொடங்கி, 1895 அக்டோபர் 10 அன்று ஆளுநர் வென்லாக் பிரபு அணையைத் திறந்துவைத்தார். தனிமனிதரின் உறுதிக்கு முன்னும் பின்னும் எத்தனை கைகள், எத்தனை தோல்விகள் என்று மாணவிக்கு அப்போது விளங்கும்.

அடுத்து, பள்ளத்தாக்கில் பிறந்த எல்லோரும் கேட்டு வளர்ந்த அந்தக் கதைக்கு அவர் வருவார்: சொத்தையும் மனைவியின் நகைகளையும் விற்று அணையைக் கட்டி முடித்தார் என்ற கதை. நல்ல வரலாற்றாசிரியர் அதைக் கேலி செய்யமாட்டார். அப்படியே ஏற்கவும் மாட்டார். சென்னை மாகாண அரசின் பணத்தில், பொதுப்பணித் துறை நடத்திய திட்டம் அது. உடன் பணியாற்றிய மெக்கென்சி 1899இல் அந்தத் திட்டத்தின் வரலாற்றைத் தனி நூலாக எழுதினார். பென்னிகுவிக்கே லண்டன் கட்டடப் பொறியாளர் கழகத்தின் வெளியீட்டில் 1897இல் அணையைப் பற்றிக் கட்டுரை எழுதியிருக்கிறார். அந்தப் பக்கங்களை மாணவர் கையில் கொடுத்து, “பணத்தைப் பற்றி இதில் என்ன இருக்கிறது, தேடுங்கள், கதைக்கு எங்கே சான்று இருக்கிறது, சொல்லுங்கள்” என்று கேட்பதுதான் அவர் வேலை. இதனால் நன்றி குறைந்துவிடாது. காய்ச்சலிலும் காலராவிலும் அந்த மலைக்காட்டிலேயே மாண்டுபோன நூற்றுக்கணக்கான தொழிலாளர்களுக்கும் அந்த நன்றியில் பங்கு கிடைக்கும். அவர்களுக்குக் கேம்பர்லியில் சிலை இல்லை. அவர்களைப் பற்றி அந்தக் கல்லறை முன்னால் நின்று பேச ஒரு வரலாற்றாசிரியரைத் தவிர வேறு யார் இருக்கிறார்கள்?

பன்னீர் திராட்சையின் பூர்வீகம்

தண்ணீரைப் போலவே பழமும். கம்பம் பன்னீர் திராட்சைக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. 1832இல் ஒரு பிரெஞ்சுப் பாதிரியார் இதைத் தமிழ்நாட்டுக்குக் கொண்டுவந்தார் என்பது எங்கும் எழுதப்படும் தகவல். இந்தத் திராட்சையின் உலகப் பெயர் மஸ்கட் ஹாம்பர்க். இங்கிலாந்தில் சீவார்ட் ஸ்னோ என்ற தோட்டக்காரர் இரண்டு திராட்சை வகைகளை இனக்கலப்பு செய்து இதை உருவாக்கியதாகத் தோட்டக்கலை ஆவணங்கள் சொல்கின்றன. காலம் 1850 வாக்கில். அப்படியானால் 1832இல் வந்தது எந்தத் திராட்சை? பாதிரியார் கொண்டுவந்தது வேறு வகையா, மஸ்கட் ஹாம்பர்க் பிறகு வந்து அதன் இடத்தைப் பிடித்ததா, ஆண்டு எங்கேனும் பிசகியதா?

இதற்கு விடை என்னிடம் இல்லை. ஆனால், இது காமயகவுண்டன்பட்டி மாணவர் கேட்க வேண்டிய கேள்வி என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. காலையில் பள்ளிக்கு வரும் வழியில் பந்தலுக்குக் கவாத்து அடிப்பதைப் பார்த்து வளர்ந்த பிள்ளை அது. இங்கிலாந்தின் கண்ணாடித் தோட்ட வீடு ஒன்றைக் காட்டி, “உங்கள் ஊர்த் திராட்சையின் முன்னோர் இப்படிப்பட்ட கூரைக்கடியில் வளர்ந்தவை” என்று வரலாற்றாசிரியர் சொல்லும்போது, அந்தப் பிள்ளைக்குப் பயணம் தன்னுடையதாகிவிடும். நம் ஊர் உலகத்திலிருந்து ஒதுங்கிக் கிடக்கிறது என்ற தாழ்வு மனம், ஒரே ஒரு பழத்தின் பாதையைச் சொன்னாலே விலகிவிடும்.

பெருமைக்கும் சான்றுக்கும் நடுவில்

வழிகாட்டிகளைக் குறைத்துப் பேசுவது என் நோக்கம் இல்லை. வெயிலிலும் மழையிலும் கூட்டத்தை மேய்த்து, பாதுகாப்பாகக் கொண்டுவந்து சேர்ப்பது பெரிய தொழில்திறன். ஆனால், எது நமக்குத் தெரியும், அது எப்படித் தெரியும், எது இன்னும் விவாதத்தில் இருக்கிறது என்று பிரித்துச் சொல்வது வரலாற்றாசிரியரின் பயிற்சி. இன்றைக்கு அந்தப் பயிற்சி முன்னெப்போதையும்விட அதிகமாகத் தேவைப்படுகிறது. காரணம், கைப்பேசியில் வந்துவிழும் வரலாறு.

அங்கோர்வாட்டைச் சோழர் கட்டினார்கள், கட்டிய அரசன் தமிழன் என்று சொல்லும் காணொளிகள் நம் குழுக்களில் சுற்றிக்கொண்டே இருக்கின்றன. கம்போடியா போகும் தமிழ்ப் பயணி அந்த நினைப்போடுதான் கோயிலுக்குள் நுழைகிறார். அங்கோர்வாட் 12ஆம் நூற்றாண்டின் முதற்பாதியில் கெமர் அரசன் இரண்டாம் சூரியவர்மன் எழுப்பிய விஷ்ணு கோயில். அந்தப் புகழ் கெமர் மக்களுடையது. அதை நம் கணக்கில் எழுதிக்கொள்வது, விருந்துக்குப் போன வீட்டின் பத்திரத்தில் தன் பெயரைச் சேர்ப்பதைப் போன்றது.

அதே வரலாற்றாசிரியர், உண்மையான உறவையும் எடுத்துவைப்பார். கம்போச (கம்போடிய) அரசன் நட்பை நாடி இராசேந்திர சோழனுக்குத் தேர் அனுப்பியதைக் கரந்தைச் செப்பேடு சொல்கிறது. முதலாம் குலோத்துங்கன் காலத்தில், 1114இல், கம்போச அரசன் அளித்த கல் ஒன்று சிதம்பரம் கோயிலில் பதிக்கப்பட்டதற்குக் கல்வெட்டு இருக்கிறது. பொய்யான பெருமையைக் களைந்த இடத்தில் மெய்யான பெருமை நிற்கிறது. இரண்டு அரசுகள் ஒன்றையொன்று மதித்துப் பரிசு அனுப்பிக்கொண்ட கதை, ஒன்று இன்னொன்றைக் கட்டிக்கொடுத்த கதையைவிட எனக்குச் செழுமையாகப் படுகிறது.

தென் தாய்லாந்துக்குப் போனால் இன்னும் நெருக்கமான சான்றுகள் உண்டு. தகுவாபா பகுதியில் கிடைத்த 9ஆம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டு பாதி உடைந்த கல். அதில் அரசன் புகழ் பாடும் நீண்ட வரிகள் இல்லை. அவனிநாரணம் என்று பெயரிட்ட ஒரு குளம் வெட்டப்பட்ட செய்தியும், அது மணிக்கிராமத்தார் என்ற வணிகக் குழுவினர் முதலானோரின் காவலில் விடப்பட்ட செய்தியும் இருக்கின்றன. கடல் கடந்து வணிகம் செய்யப் போன இடத்தில் நம்மவர் குளம் வெட்டியிருக்கிறார்கள். அதை யார் பொறுப்பில் விடுவது என்றும் எழுதிவைத்திருக்கிறார்கள். கண்மாய்த் தண்ணீரும் மடைத் தகராறும் அறிந்த பள்ளத்தாக்கு மாணவருக்கு இந்தக் கல்லைப் புரியவைக்க ஐந்து நிமிடம் போதும்.

அதே தாய்லாந்தின் குளோங் தோம் அருங்காட்சியகத்தில் கையடக்கமான ஓர் உரைகல் இருக்கிறது. தங்கத்தை உரைத்துப் பார்க்கும் கல். அதில் தமிழ்ப் பிராமி எழுத்தில் ‘பெரும்பதன் கல்’ என்று பொறித்திருக்கிறது. 3, 4ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது என்பது ஆய்வாளர் கணிப்பு. கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும் அந்தக் கல்லைச் சாதாரணமாகக் கடந்துபோக இரண்டு வினாடி ஆகும். வரலாற்றாசிரியர் மாணவரை நிறுத்தி, “இந்தக் கூட்டல் குறி மாதிரி இருப்பது ‘க’. மற்ற எழுத்துகளை நீங்களே கண்டுபிடியுங்கள்” என்று எழுத்துப் பட்டியலை நீட்டுவார். சில நிமிடங்களில் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை, ஆயிரத்தைந்நூறு ஆண்டுகளுக்கும் முன்பு அயலூரில் கடை வைத்திருந்த ஒரு பொற்கொல்லரின் பெயரைத் தானே வாசித்துவிடும். எந்த அரசனின் சிலை முன்பும் கிடைக்காத அனுபவம் அது.

முன்னோடிகள் இருக்கிறார்கள்

இது புதிய யோசனை இல்லை. பிரிட்டனின் ஸ்வான் ஹெலனிக் நிறுவனம் 1950களில் கிரேக்கத் தீவுகளுக்குக் கப்பல் பயணங்களைத் தொடங்கியபோது, பல்கலைக்கழகப் பேராசிரியர்களை உரையாளர்களாக உடன் அழைத்துச் சென்றது. அவர்களில் முதன்மையானவர் மார்ட்டிமர் வீலர். 1945இல் நம் அரிக்கமேட்டை அகழ்ந்த அதே வீலர். மண்ணைத் தோண்டத் தெரிந்தவரே மக்களிடம் பேசவும் வந்ததுதான் அந்தப் பயணங்களின் வெற்றி. அரிக்கமேட்டைப் பற்றி வீலர் சொன்ன காலக்கணிப்பு, 1989 முதல் 1992 வரை விமலா பெக்லி குழுவினர் நடத்திய மறு அகழாய்வில் திருத்தப்பட்டது. வரலாறு திருத்தப்படக்கூடியது என்பதும் மாணவர் கற்க வேண்டிய பாடமே.

தமிழ்நாட்டிலும் நல்ல எடுத்துக்காட்டுகள் உண்டு. சென்னையில் பேராசிரியர் சுவாமிநாதன் முதலானோர் உருவாக்கிய தமிழ் பாரம்பரிய அறக்கட்டளை, மாமல்லபுரம், அஜந்தா–எல்லோரா போன்ற இடங்களுக்குக் குழுவாகப் போகும் முன், பல மாதங்கள் பாடம் நடத்திப் பயணிகளைத் தயார்செய்யும் வழக்கத்தைக் கொண்டுவந்தது. புறப்படுவதற்கு முன்பே பாதி கற்றுவிட்டவர், இடத்தில் நிற்கும்போது மீதியைத் தானே பார்த்துக்கொள்வார்.

கம்பம் பள்ளத்தாக்கின் உச்சியிலேயே இன்னொரு முன்னோடியின் தடம் இருக்கிறது. கண்ணகி நடந்த வழியைத் தேடி அலைந்து, 1963இல் கூடலூர் மலை மேல் மங்கலதேவி கண்ணகி கோட்டத்தை அடையாளம் கண்டு உலகுக்குச் சொன்னவர் பேராசிரியர் சி.கோவிந்தராசனார். இன்று சித்திரை முழுநிலவு நாளில், தேனி, இடுக்கி நிர்வாகங்களின் ஏற்பாட்டில் ஆயிரக்கணக்கானோர் அந்த மலை ஏறுகிறார்கள். ஏறுவோரில் எத்தனை பேருக்கு அந்தக் கட்டடத்தின் காலமும் கல்வெட்டும் எடுத்துச் சொல்லப்படுகின்றன?

புறப்படும் முன் நான்கு வகுப்பு

ஆகவே, வெளிநாட்டுப் பாடம் உள்ளூரில் தொடங்க வேண்டும் என்கிறேன். 2006இல் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகக் குழு, ஆண்டிபட்டி வட்டம் புலிமான்கோம்பையில் தமிழ்ப் பிராமி எழுத்துள்ள நடுகற்களைக் கண்டெடுத்தது. நாட்டிலேயே மிகப் பழைய எழுத்துள்ள நடுகற்கள் அவை. அவற்றில் ஒன்று கூடலூரில் நடந்த ஆகோளில், அதாவது மாடு கவர்ந்த சண்டையில், இறந்த வீரனுக்கு எடுத்தது. அந்தக் கூடலூர், காமயகவுண்டன்பட்டிக்குப் பக்கத்துக் கூடலூராக இருக்கலாம் என்று கருதுகிற ஆய்வாளர்கள் உண்டு. கம்பம் நந்தகோபாலன் கோயிலில் தம்பிரான் மாட்டுத் தொழுவைக் கும்பிட்டு வளர்ந்த பிள்ளைக்கு, மாட்டுக்காக உயிர்விட்டவனின் கல் அந்நியமாக இருக்காது. அந்தக் கல்லில் எழுத்தைப் படிக்கக் கற்றவர்தான் தாய்லாந்தின் உரைகல்லைப் படிப்பார். ‘இருக்கலாம்’ என்பதற்கும் ‘இருக்கிறது’ என்பதற்கும் உள்ள தூரத்தை இங்கே கற்றவர்தான், அங்கோர்வாட்டில் பொய்யை ஏற்காமல் நிற்பார்.

பயணத்திலும் உரைக்கு ஒரு முறை வேண்டும். எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினால் யாரும் கேட்கமாட்டார்கள். பேருந்து இடத்தை அடையும் முன் பதினைந்து நிமிடம் ஒலிவாங்கியில் அறிமுகம். இடத்தில் நிழல் பார்த்து நிறுத்தி, ஒரே ஒரு பொருளைப் பற்றிப் பேச்சு. இரவு உணவுக்கு முன் ஒரு மணி நேரம் படங்களோடு உரையும் கேள்வியும். கையில் நிலப்படமும் கல்வெட்டு மைப்படியின் நகலும் கொண்ட நான்கு பக்கக் கையேடு. இதற்குமேல் எதுவும் தேவையில்லை.

“பிள்ளைகள் முதல்முறை வெளிநாடு பார்க்கிறார்கள், அங்கேயும் வகுப்பா?” என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். கடலையும் ரயிலையும் உயர்ந்த கட்டடங்களையும் பார்த்து அவர்கள் மகிழட்டும்; அந்த மகிழ்ச்சி அவர்களுக்குச் சேர வேண்டியது. ஆனால், வசதியான வீட்டுப் பிள்ளை மறுமுறையும் அந்த நாட்டுக்குப் போகும். ஏலத்தோட்ட வேலைக்கு விடியுமுன் ஜீப் ஏறும் தாயின் மகளுக்கு இந்தப் பயணம் ஒன்றே ஒன்றாக இருந்துவிடக்கூடும். அதனால்தான் அவளுக்கு ஆகச் சிறந்த ஆசிரியர் உடன் போக வேண்டும் என்று வலியுறுத்துகிறேன்.

“செலவு?” என்பது அடுத்த கேள்வி. ஐம்பது பேர் போகும் பயணத்தில் கூடுதலாக ஓர் இருக்கை. தொல்லியல் துறையிலும் தமிழ்ப் பல்கலைக்கழகத்திலும் மாவட்டக் கல்லூரிகளின் வரலாற்றுத் துறைகளிலும் தகுதியானவர்கள் இருக்கிறார்கள். சாதிப் பெருமையோ கட்சிப் பெருமையோ பேசி கைதட்டு வாங்குபவரை விலக்கி, ஆய்வு எழுதியவராகவும் பிள்ளைகளிடம் பேசத் தெரிந்தவராகவும் பார்த்துத் தேர்ந்தெடுக்க ஒரு சிறு குழு போதும்.

பள்ளிக் கல்வித் துறை செய்ய வேண்டியவை மூன்று. வெளிநாட்டுக் கல்விச் சுற்றுலா ஒவ்வொன்றிலும் ஒரு வரலாற்றாசிரியர் இருப்பதை விதியாக்க வேண்டும். புறப்படும் முன் நான்கு வகுப்புகளை, மாணவரின் சொந்த மாவட்டத்து இடங்களில் வைத்தே நடத்த வேண்டும். திரும்பி வந்த ஒவ்வொரு மாணவரும் தம் ஊர் நூலகத்திலோ பள்ளியிலோ அரைமணி நேரம் உரையாற்ற ஏற்பாடு செய்ய வேண்டும். ஊரில் ஒருவர் போய்வந்தால் ஊரே போய்வந்ததற்குச் சமமாவது அப்போதுதான். தனியார் பயண நிறுவனங்களும் ‘கல்விச் சுற்றுலா’ என்று விளம்பரம் கொடுத்தால், உரையாளர் யார், என்ன தலைப்புகளில் பேசுவார் என்று அந்த விளம்பரத்திலேயே அறிவிக்கட்டும்.

பொதுப்பணத்தில் நடக்கும் பயணம் பொதுமக்களுக்கு அறிவாகத் திரும்பி வர வேண்டும். அடுத்த பயணத்துக்கான பெயர்ப்பட்டியல் வெளியாகும்போது, அதில் வரலாற்றாசிரியரின் பெயர் எங்கே என்று பெற்றோரும் ஆசிரியர்களும் கேட்க வேண்டும். அந்தக் கேள்வி காமயகவுண்டன்பட்டியிலிருந்தே எழட்டும். நாட்டின் விடுதலைக்காகக் கேள்வி கேட்டுச் சிறை சென்றவர்களின் ஊருக்கு அந்த உரிமை கூடுதலாகவே இருக்கிறது.